தபுவாவை வாங்கிக்கொண்டவர்கள்

ஃபிஜியின் தலைநகர் சுவாவில் எங்கள் நிலையத்துக்குள் நுழைவது லேசான காரியமல்ல. அது நியாயம்தான். நுழைவதைப் பற்றி ஆராய்வதற்கென்றே கட்டிய நிலையம் அது. நோய்க்கிருமி மனித உடம்பின் செல்லுக்குள் எப்படி நுழைகிறது, எந்த அடையாளத்தைக் காட்டிக் கதவைத் திறக்கவைக்கிறது என்று அங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். நிலையத்தின் முழுப்பெயர் வாசலுக்கு மேலே ஒரு பலகையில் தொடங்கி, இடம் போதாமல் பக்கத்துச் சுவரில் முடிகிறது. நாங்கள் சுருக்கமாக நுழைவு நிலையம் என்போம்.

உள்ளே போக ஐந்து கதவுகள். முதல் கதவில் அட்டையைக் காட்ட வேண்டும். இரண்டாவதில் செருப்பு மாற்ற வேண்டும். மூன்றாவதில் கை கழுவ வேண்டும். நான்காவதில் ஒரு கேமரா முகத்தைப் பார்த்து யோசிக்கும். ஐந்தாவது கதவு எதற்கென்று கட்டியவர்களுக்கே நினைவில்லை. அதனால் அதற்குத்தான் காவல் அதிகம்.

நான் அங்கே கேன்டீன் நடத்துகிறேன். பெயர் முன்சாமி. என் தள்ளுவண்டி கூட்ட அறை வரைக்கும் போகலாம். அதற்கப்பால் தேநீர் தானாக நடந்து போனால்தான் உண்டு.

மழைக்காலப் புயல் ஓய்ந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, முதல் கதவுக்கு முன்னால் சவெனாதா வந்து நின்றான். யலோவா தீவுக்காரன். தோளில் ஒரு கட்டு யங்கோனா வேர், இடித்துக் கரைத்துக் குடிப்பது. கக்கத்தில் தலையணை உறையில் சுற்றிய ஏதோ ஒன்று. இரவெல்லாம் கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து வந்த முகம்.

காவலாளி செமெசா அவனைப் பார்த்ததுமே மலர்ந்துவிட்டான்.

"யாருடா அது? யலோவாத் திருட்டு மூஞ்சியா இருக்கே! எங்க கோழியத் தூக்கிட்டுப் போன கூட்டம்தானே நீங்க?"

"உங்க தீவுல கோழி ஏதுடா? பட்டினில நண்டையே பச்சையாத் திங்கற ஆளுங்க!"

இது சண்டையல்ல. அந்த இரண்டு தீவுக்காரர்களுக்கும் மூதாதை தெய்வம் ஒன்று. எங்கே சந்தித்தாலும் திட்டிக்கொள்ள வேண்டும், திட்டாவிட்டால்தான் அவமரியாதை. உள்ளேயிருந்து இதைக் கேட்ட துணை இயக்குநர் டாக்டர் பர்மேஷ் லால், விருந்தினரை இழிவுபடுத்தியதற்காக செமெசாவை அன்று முழுக்க மரியாதைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். வாசலில் சவெனாதாவை மனிதனாக நடத்திய ஒரே ஆளும் அத்தோடு போனான்.

"சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றார் லால்.

"சார், என் பொண்ணு தோரிகாவுக்கு டைஃபாய்டு. எட்டு வயசு. மாத்திரைக்கெல்லாம் காய்ச்சல் அடங்கல. ஒரு ஊசி மருந்து இருக்காம், அதுக்குத்தான் அடங்குமாம். புயலுக்கப்புறம் எங்கயும் அந்த மருந்து இல்ல, கப்பல் வரணுமாம். ஆனா உங்க குளிர்பெட்டியில இருக்குன்னு எங்க ஊர் நர்சு சிஸ்டர் லிதியா விசாரிச்சுச் சொன்னாங்க. வாங்கிட்டுப் போக வந்தேன்."

"ரொம்ப சந்தோஷம். எங்க நிலையம் இந்த மண்ணோட மரபை மதிக்கிற நிலையம். செவுசெவு குடுக்காம நாங்க யாரையும் உள்ள விடறதில்ல."

"கொண்டாந்திருக்கேன் சார்." வேர்க்கட்டை இரண்டு கையாலும் நீட்டினான். செவுசெவு என்றால் அதுதான்: எங்கள் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் யங்கோனா கொடுத்து, அதை அவர்கள் ஏற்றுக் கைதட்டிவிட்டால், நீ அந்த வீட்டு ஆள்.

லால் ஒரு அடி பின்னால் போனார். "இதுல மண்ணு இருக்கே!"

"வேரு மண்ணுலதானே சார் வளருது."

"மண்ணுல கிருமி இருக்கும். பரிசோதனை பண்ணாம வாங்க முடியாது."

கையுறை மாட்டிய ஒருவர் வந்து வேர்க்கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனார். ஐந்து கதவும் வேருக்குத் திறந்தன. சவெனாதா வெளியே நின்றான்.

அவனை நான்தான் கேன்டீனுக்குக் கூட்டிவந்து, ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தேன். சாப்பிடவில்லை. தலையணை உறையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அது என்ன மச்சான்?" என்றேன்.

பிரித்துக் காட்டினான். தபுவா. திமிங்கலப் பல், பழுத்துப் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. தென்னை நார்க் கயிறு கோத்தது. "எங்க பாட்டனுக்கும் பாட்டனோடது. எங்க அம்மாவப் பொண்ணு கேட்டப்ப எடுத்தது. அதுக்கப்புறம் இப்பத்தான் எடுத்திருக்கேன்."

தபுவாவைக் கையில் வைத்துக் கேட்டால் அது வெறும் கேட்பதல்ல. பிடிக்காவிட்டால் எதிராளி அதைத் தொடாமல் திருப்பிவிடலாம், தப்பில்லை. ஆனால் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். பெண் கேட்டாலும் சரி, கொலைக்கு மன்னிப்புக் கேட்டாலும் சரி. எங்கள் தமிழ்ச் சனம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து பார்க்கிறோம். இதுவரை வாங்கிவிட்டு மறுத்தவனை நான் பார்த்ததில்லை.

அவன் போனில் மகள் பேசினாள். குரல் காய்ந்திருந்தது. "அப்பா, பந்து வாங்கிட்டியா? நெசப் பந்து?" ஊரில் தேங்காயை வைத்து ரக்பி ஆடுபவளாம். பையன்களையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு ஓடுவாளாம்.

"வாங்கிட்டேன்டி தங்கம். ஊசி போட்டுக்கிட்டாத்தான் பந்து."

"ஊசி வலிக்குமா?"

"தேங்கா இடிக்கறதவிடக் கம்மிதான்."

மறுநாள் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வந்தார்கள். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் வின்டர் பிரிஸ்பேனிலிருந்து வந்த அம்மாள். உள்ளூர் மக்கள் ஒருவர்கூட இல்லாமல் படம் எடுப்பது அழகல்ல என்று அந்த அம்மாளுக்குக் கடைசி நிமிஷத்தில் தோன்றியிருக்கிறது. லால் மூச்சிரைக்க கேன்டீனுக்கு ஓடிவந்தார்.

"முன்சாமி! அந்தத் தீவுக்காரர் போயிட்டாரா? அவர்கிட்ட தபுவா இருக்காமே!"

சவெனாதா எழுந்து நின்றான். அட்டை கேட்கவில்லை. கை கழுவச் சொல்லவில்லை. ஐந்து கதவுகளும் ஒரே மூச்சில் திறந்தன.

பாய் விரித்த கூடத்தில் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்து, தபுவாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். குரல் நடுங்கவில்லை. "இந்தப் பெரிய வீட்டு முன்னாடி ரொம்பச் சின்னவனா வந்து உக்காந்திருக்கேன். கையில ஏந்தியிருக்கிறது எங்க வம்சத்தோட மானம். இதை வெச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்ககிட்ட இருக்கிற மருந்துல எம் பொண்ணு உசுருக்கு வேணுங்கறதக் குடுங்க. வேற எதுவும் வேணாம்."

பேசியது ஃபிஜி மொழி. டாக்டர் வின்டருக்கு அதில் காலை வணக்கம் மட்டும் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியதை லால் ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். மரபுப் பயிற்சி வகுப்பில் கொடுத்த வாசகம். அம்மாள் தபுவாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கணீரென்று படித்தார்: "இதை ஏற்கிறேன். இதோடு வந்த வார்த்தையையும் ஏற்கிறேன். அப்படியே ஆகட்டும்."

நாங்கள் எல்லோரும் உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டினோம். நன்கொடையாளர்கள் படம் எடுத்தார்கள். சவெனாதா தலையைக் குனிந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "எவ்வளவு உணர்ச்சிகரமான மக்கள்!" என்றார் டாக்டர் வின்டர்.

கூடத்து மூலையிலிருந்தே மனைவிக்குப் போன் போட்டான். "மேரெவாலேசி, வாங்கிட்டாங்க! பெரிய டாக்டரே கையால வாங்கிட்டாங்க!" அந்தப் பக்கம் அவளும் அழுதாள். பிறகு சிஸ்டர் லிதியா போனை வாங்கினாள். குட்டி விமானத்தில் பிள்ளையைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது, சாயங்காலம் சுவாவுக்கு ஒரு கப்பல் புறப்படுகிறது, பிள்ளையை ஏற்றி அனுப்பட்டுமா, கடல் ஒரே கொந்தளிப்பு, பிள்ளையின் குடல் எந்த நேரமும் கிழியலாம் என்றாள்.

"வேணாம் சிஸ்டர், ஆட்டாதீங்க. மருந்து அடுத்த விமானத்துல வந்துரும்."

"நிச்சயமா?"

"தபுவாவ வாங்கிட்டாங்கன்னு சொல்றேனே!"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவளும் எங்கள் நாட்டுக்காரிதான். கப்பல் தோரிகா இல்லாமல் போய்விட்டது.

சடங்கு முடிந்து சொற்பொழிவு. சவெனாதாவை மாலையோடு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் வின்டர் திரையில் படம் காட்டிப் பேசினார்.

"நண்பர்களே, செல் என்பது ஒரு நாகரிகமான நிறுவனம். அதற்குச் சுவர் உண்டு, வாசல் உண்டு, உள்ளே வேலை நடத்தச் சமிக்ஞைகள் உண்டு. டைஃபாய்டுக் கிருமி கதவை உடைப்பதில்லை. செல்லின் மேல் வந்து உட்கார்ந்து, ஊசிபோன்ற ஒரு குழாயால் தன் தூதர்களை உள்ளே அனுப்புகிறது. அந்தத் தூதர்கள் செல்லின் சொந்த மொழியிலேயே பேசுகிறார்கள். ஏதோ வேண்டியவர் வந்திருக்கிறார் என்று செல் நம்பி, தன் சுவரையே அலையாய் எழுப்பி, கிருமியைக் கட்டியணைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. அதன்பின் இன்னொரு தூதன் போய், 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சுவரைப் பழையபடி ஆக்கிவிடுகிறான். பாருங்கள், செல்லின் பலவீனம் எது? கேட்டதும் கொடுக்கும் குணம்! இந்த நிலையம் அந்தத் தவறைச் செய்யாது. நாங்கள் தொடங்கிய நாளிலிருந்து வெளியாரின் எந்தக் கோரிக்கையும் எங்களுக்குள் நுழைந்து எந்த மாற்றத்தையும் உண்டாக்கியதில்லை."

பலத்த கைதட்டல். லால் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு சவெனாதா கையைத் தூக்கினான்.

"பெரிய டாக்டரம்மா, அந்தக் கிருமிக்கு இவ்வளவு முறை தெரிஞ்சிருக்கே. அதுக்கு யாரு செவுசெவு குடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க? எங்க வீட்டுல அது கேட்டதும் திறந்துட்டாங்களே. அங்க மட்டும் எப்படி உடனே திறந்தாங்க?"

கூடம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை, சமூகத்தின் பங்களிப்பு என்று குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவன் குளித்து, சட்டை மாற்றி, மருந்து வாங்கப் பையோடு வந்தான். தபுவா வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கீழே விளக்குகூடப் போட்டிருந்தார்கள்.

"எந்த மருந்து?" என்றார் லால்.

"நேத்து ஏத்துக்கிட்டீங்களே சார்."

"நேத்து ஏத்துக்கிட்டது அன்பளிப்பு. மருந்துங்கறது வேற. இதப் பாருங்க, எங்க பெட்டியில இருக்கிறது மருந்தே இல்ல. ஆய்வுக்கான மாதிரி. உள்ள இருக்கிற வரைக்கும் அது மாதிரி. வெளிய எடுத்து யாருக்காவது போட்டா அது மருந்தாயிடும். அப்புறம் அதுக்கு நாங்க பொறுப்பாயிடுவோம்!"

"பொறுப்பானா என்ன சார்?"

லால் அந்தக் கேள்வியை ரசிக்கவில்லை. இருந்தாலும் கருணையோடு ஒரு குழுவைக் கூட்டினார். நான் தேநீரும் பஜியாவும் கொண்டுபோனேன். தபுவாவை வாங்குவது ஒரு சமிக்ஞையா, சமிக்ஞை என்றால் அது வாசலோடு நிற்குமா, உள்ளே எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று பேசினார்கள். மரபு நிபுணர் ஒருவரை நியூசிலாந்திலிருந்து அழைத்துக் கருத்துக் கேட்பது என்று முடிவாயிற்று. பஜியாவில் உப்புக் குறைவு என்றும் சொன்னார்கள்.

திரும்பிவந்து சவெனாதாவிடம் சொன்னேன். "மச்சான், இவனுங்க தர மாட்டானுங்க. உள்ள போற வழி நான் பண்றேன். எடுத்துட்டுப் போயிடு."

சவெனாதா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம்கூட இல்லை, வெட்கம். "வாங்கிட்டாங்க மச்சான். இப்பத் திருடினா எங்க பாட்டன் தபுவாவ நானே மிதிச்ச மாதிரி. தருவாங்க. பெரிய இடம், கொஞ்சம் நேரமாகும். அவ்வளவுதான்."

முட்டாளே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. முட்டாள் அவனல்ல.

மத்தியானம் போன் வந்தது. மேரெவாலேசி. போனைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். சிஸ்டர்தான் சொன்னாள். பிள்ளையின் வயிறு பலகையாக இறுகிவிட்டது. தொட்டால் அலறுகிறாள். இப்போது கப்பலும் இல்லை. மருந்தாவது வந்தால் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிற வரைக்கும் உயிரைப் பிடித்து வைக்கலாம்.

சவெனாதா போனை மேஜைமேல் வைத்தான். கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"என்ன பண்ணணும் மச்சான்?"

கேன்டீனில் வருகை விஞ்ஞானி ஒருவர் மறந்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தது, அட்டையோடு. அட்டையில் இருந்த படம் சிவந்த முகமுள்ள ஒரு வெள்ளைக்காரருடையது. கோட்டு சவெனாதாவுக்குத் தோளில் இறுக்கியது. பயிற்சி முடிந்து திரும்பியிருந்த செமெசா எங்களைப் பார்த்தான், எல்லாம் புரிந்துகொண்டான், முதல் கதவைத் தானே இழுத்துப் பிடித்தான். "போடா யலோவாத் திருடா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அதற்கப்பால் நடந்ததை சவெனாதாதான் சொன்னான். அட்டையைக் காட்டினான், திறந்தது. மறுபடி காட்டினான், மறுபடி திறந்தது. கேமராவுக்கு முன்னால் கோட்டைக் காட்டியபடி நின்றிருக்கிறான். அது யோசித்துவிட்டுப் பச்சை விளக்குப் போட்டது. ஐந்தாவது கதவில் டாக்டர் லாலே எதிரே வந்திருக்கிறார். கழுத்துக்குக் கீழே கோட்டையும் அட்டையையும் பார்த்தார். காலையில் இதே மனிதனோடு பேசியவர். "வாங்க டாக்டர், வாங்க!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு, "டீ சொல்லட்டுமா?" என்றும் கேட்டிருக்கிறார். சவெனாதா வேண்டாம் என்று தலையசைத்திருக்கிறான். குளிர்பெட்டியைத் திறந்து, சிஸ்டர் எழுதிக் கொடுத்த பெயர்கொண்ட குப்பிகளை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்காக அடுக்கிவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

என் ஐஸ் டப்பாவில் குப்பிகளை வைத்தோம். பக்கத்தில் காற்று இறக்கிய ரக்பிப் பந்தையும் வைத்தான். சாயங்கால விமானத்தில் இடம் இல்லை என்றார்கள். சவெனாதா அங்கேயே ஓடுதளத்து ஓரத்தில் மண்டியிட்டுவிட்டான். விமானி ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டு அவனை ஏற்றிக்கொண்டான். அவனிடம் யாரும் தபுவா கொடுக்கவில்லை.

மருந்து போய்ச் சேர்ந்தது. விமானம் கடலுக்கு மேலே இருக்கும்போதே தோரிகா போய்விட்டாள்.

குப்பிகள் காணாமல் போனதை நிலையம் விசாரித்தது. எல்லாக் கதவும் சரியான அட்டைக்கு முறைப்படி திறந்திருந்ததால் யாரும் அத்துமீறி நுழையவில்லை என்று அறிக்கை வந்தது. யங்கோனா வேரின் பரிசோதனை முடிவும் அந்த வாரமே வந்தது. கிருமி இல்லை.

பிறகு யலோவாவில் இன்னும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. நிலையத்துக்கு அது பெரிய வாய்ப்பு. நேரே போய் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர், மண், பாய், சமையல் சாமான் எல்லாவற்றிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று டாக்டர் வின்டரே கிளம்பினார். சமைத்துப்போட என்னையும் கூட்டிப்போனார்கள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று லால் வகுப்பில் படித்திருக்கிறார். புதுத் தபுவாவுக்கு ஒதுக்கீடு இல்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்ததையே எடுத்து வந்துவிட்டார்கள்.

சவெனாதா வாசலில் பாய்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மேரெவாலேசி. உள்ளே மூலையில், காற்று நிரப்பாத பந்து கிடந்தது.

லால் தபுவாவை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். துக்கம் சொன்னார். அதோடு, எல்லா வீட்டுக்குள்ளும் போக அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். முறை தவறாமல், அழகாகக் கேட்டார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் சவெனாதாவைப் பார்த்தார்கள். அவன் தொடாமல் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவன் வாங்கினான். தேன் நிறப் பல்லை விரலால் தடவினான். நார்க்கயிற்றில் நிலையத்தின் சீட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.

"மச்சான், இதுல என்ன எழுதியிருக்கு? படி."

இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் அவனுக்குச் சொன்னேன். "கொடுத்தவர், சமூகம். கேட்டது, எதுவும் இல்லை."

மேரெவாலேசி, "எதுவும் இல்லையாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சவெனாதா முடிச்சை அவிழ்த்து, சீட்டை இரண்டு கையாலும் டாக்டர் வின்டரிடம் நீட்டினான். "இது உங்களோடது. வெச்சுக்குங்க." பிறகு தபுவாவை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டினான். "இதை ஏத்துக்கிட்டேன். கேட்டதையும் ஏத்துக்கிட்டேன். உள்ள வாங்க."

"எவ்வளவு திறந்த மனசுள்ள மக்கள்!" என்றார் டாக்டர் வின்டர்.

சவெனாதா நகர்ந்து வழிவிட்டான். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, தோரிகா படுத்திருந்த பாய் வரைக்கும் உள்ளே போனார்கள். யாரும் அவர்களிடம் அட்டை கேட்கவில்லை.